டப்பாவின் பின்பக்கம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். காலையில் மோட்டார் ரூம் பக்கம் நடப்பவன். பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். நான் டாக்டர் இல்லை, உணவு நிபுணரும் இல்லை. அதனால் இங்கே வைத்தியம் சொல்லப் போவதில்லை. ஒரு கணக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

போன வருட ஆண்டு விழா ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய வருடம் குழந்தைகளுக்குக் கலர் கொடுத்ததில், "இவ்வளவு சர்க்கரையைக் குழந்தைகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறீர்களே" என்று சில தாய்மார்கள் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம். அதனால் இந்தத் தடவை வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டு, 'ஜீரோ சுகர்' என்று பெரிதாகப் போட்டிருந்த பாட்டில்களாகப் பார்த்து வாங்கினேன். 60 பாட்டில், ஒன்று 20 ரூபாய், மொத்தம் 1,200 ரூபாய். பில்லை ஃபைலில் சேர்த்துவிட்டு, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஏழு வயது. இப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். பஸ் போர்டு, கடை போர்டு, மருந்துச் சீட்டு எதையும் விடமாட்டாள். அன்றைக்குக் கையில் இருந்த பாட்டிலைத் திருப்பி, விரலை வைத்து, "நாட் ரெக்கமெண்டட் ஃபார் சில்ட்ரன்" என்று படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அப்புச்சி, நான் சில்ட்ரன்தானே? இதை நான் குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஒரு நாளைக்குத்தானே, குடி கண்ணு" என்றேன். அவளும் குடித்தாள். சுற்றிலும் ஐம்பது குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, பேங்கில செக்கு வந்தா பின்னாடி திருப்பிப் பார்க்காம விடமாட்டீங்களே. இதைத் திருப்பிப் பார்க்கத் தோணலையா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. 'சர்க்கரை இல்லை' என்ற இரண்டு வார்த்தையில் மனது திருப்தியாகிவிட்டது. சர்க்கரை இல்லாமல் அது எப்படி இனிக்கிறது என்று யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

செயற்கை இனிப்பூட்டிகள் புதிய சமாச்சாரம் இல்லை. சாக்கரினை 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க் என்ற வேதியியல்காரர் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து கை கழுவாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது என்று சொல்வார்கள். அஸ்பார்டேம் 1965-ல் வந்தது. சுக்ரலோஸ் 1976-ல் லண்டனில் கிடைத்தது. அதில் நம் நாட்டு மாணவர் சசிகாந்த் பட்னிஸுக்குப் பங்கு உண்டு. அந்தப் பொருளை 'டெஸ்ட்' செய் என்று பேராசிரியர் சொன்னதை 'டேஸ்ட்' செய் என்று காதில் வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாராம். நம் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் சாக்கரின் போட்ட குச்சி ஐஸ் நினைவிருக்கும். தின்று முடித்த பிறகு நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும்.

அஸ்பார்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு. சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. ஒரு சிட்டிகையிலும் குறைவாகப் போட்டாலே பாட்டில் முழுக்க இனித்துவிடும். அதனால்தான் கலோரி கணக்கில் பூஜ்யம் வருகிறது. சர்க்கரை நோய்க்காரனான எனக்கு இது உபயோகமான பொருள்தான். என் காபியில் அந்த மாத்திரை போடுவதுண்டு. கேள்வி என்னைப் பற்றியது இல்லை, என் பேத்தியைப் பற்றியது.

பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பெயர் போடாமல் ஐ.என்.எஸ். என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம். 951 அஸ்பார்டேம். 954 சாக்கரின். 955 சுக்ரலோஸ். 960 ஸ்டீவியா இலையிலிருந்து எடுப்பது. இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் சேர்த்தால் எது சேர்த்தது என்று டப்பாவில் சொல்ல வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. என் பேத்தி படித்த அந்த வரியும் 2011-ல் வந்த லேபிள் விதிகளிலேயே இருந்தது. ஆக, விதி தன் வேலையைச் செய்துவிட்டது, கம்பெனியும் அச்சடித்துவிட்டது. படிக்காமல் விட்டது நான்தான். படித்த பிறகும் "குடி கண்ணு" என்று சொன்னவனும் நான்தான்.

இவை டயட் பானத்தில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். சூயிங்கம், ஜெல்லி, சுகர் ஃப்ரீ பிஸ்கட், புரதப் பவுடர், வைட்டமின் கம்மி என்று பலவற்றில் வரலாம். சில பானங்களில் சர்க்கரையும் இருக்கும், இனிப்பூட்டியும் இருக்கும். பற்பசையிலும் காய்ச்சல் மருந்து சிரப்பிலும்கூட இருக்கும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அங்கே அளவும் குறைவு, தேவையும் வேறு. சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் மால்டிட்டால், சார்பிட்டால் என்று இன்னொரு ஜாதி உண்டு. அதைக் குழந்தைகள் நாலைந்து சேர்த்துத் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம். தாத்தாவின் சாக்லேட் டப்பா பேத்தியின் கைக்கு எட்டாமல் இருப்பது நல்லது.

சரி, இது அவ்வளவு ஆபத்தா? இங்கேதான் வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பக்கூடாது என்று சொல்கிறேன்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அஸ்பார்டேமை '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கக் கூடும், ஆனால் ஆதாரம் குறைவு என்பது அதன் பொருள். ஆசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில் இருக்கிறது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் இன்னொரு நிபுணர் குழு, 1981-லிருந்து சொல்லி வந்த அளவை மாற்ற வேண்டியதில்லை என்றது. அந்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்.

அந்தச் செய்தியோடு ஓர் உதாரணமும் வந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த அளவைத் தாண்ட வேண்டுமென்றால், டின்னுக்கு 200 அல்லது 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் உள்ள பானத்தை ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். இதைப் படித்த எல்லோரும் "14 டின்னா? யார் குடிக்கப் போகிறார்கள்?" என்று பேப்பரை மடித்து வைத்தோம்.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. என் பேத்தி 70 கிலோ இல்லை, 22 கிலோ. 22-ஐ 40-ஆல் பெருக்கினால் 880 மில்லிகிராம். 300 மில்லிகிராம் உள்ள டின் என்றால் மூன்றாவது டின் முடியும்போது அளவு தாண்டிவிடுகிறது. 200 என்றால் நாலரை டின்னுக்குள். மூன்று வயதுக் குழந்தை 14 கிலோ இருந்தால் 560 மில்லிகிராம். 300 மில்லிகிராம் டின் என்றால் இரண்டாவது டின்னிலேயே முடிந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் பிரிட்ஜில் பெரிய பாட்டில் இருந்து, பிள்ளைகள் திறந்து திறந்து ஊற்றிக்கொள்ளும் வீட்டில் இது நடக்காத காரியம் இல்லை.

இதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 40 மில்லிகிராம் என்பது ஆயுள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் பாதகமில்லை என்று நிறைய இடைவெளி விட்டுப் போட்ட அளவு. ஒரு நாள் தாண்டினால் உடனே ஏதோ ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. ஆண்டு விழாவில் ஒரு பாட்டில் குடித்த குழந்தைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரியவர்களின் எடைக்குப் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. ஃபினைல்கீட்டோனூரியா என்று பிறவியிலேயே வரும் ஓர் அபூர்வமான குறைபாடு. அந்தக் குழந்தைகளுக்கு அஸ்பார்டேம் கூடவே கூடாது. டப்பாவில் அதற்கென்றே தனி வரி இருக்கும்.

என்னை யோசிக்க வைத்தது புற்றுநோய்ச் செய்தியைவிட, அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2023 மே மாதம் வந்த இன்னோர் அறிவிப்பு. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரைக்குப் பதிலாக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நீண்ட காலத்தில் பெரியவர்களுக்கும் சரி, குழந்தைகளுக்கும் சரி, உடல் கொழுப்பைக் குறைப்பதில் பலன் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை இல்லை. மற்றவர்கள் மொத்தத்தில் இனிப்பையே குறைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சின்ன வயதிலிருந்தே என்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் புரிகிறது. பச்சைத் தண்ணீர் இனிக்காது, மோர் புளிக்கும், கம்மங்கூழுக்குத் தனி ருசி. இதெல்லாம் குழந்தை பழகிக்கொள்ள வேண்டிய ருசிகள். தாகம் எடுத்தபோதெல்லாம் இனிப்பாக ஏதாவது கிடைத்தால், அது சர்க்கரையோ சுக்ரலோஸோ, குடிப்பது இனிக்க வேண்டும் என்றுதான் நாக்கு கற்றுக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் குடி என்றால் முகத்தைச் சுளிக்கிறது. புளிப்பு ஏற்றிய பானம் பல்லின் மேல் பூச்சை அரிப்பதும் சர்க்கரை இல்லாததால் நின்றுவிடாது.

இப்படிச் சொன்னதும் போன மாதம் ஒரு தம்பி, "அப்படின்னா பழையபடி சர்க்கரையே கொடுத்திடலாமுங்களா?" என்று கேட்டார். அதற்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண கோலா வகையில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம். நாம் உண்ணும் கலோரியில் சேர்க்கும் சர்க்கரை பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 1,500 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு அது 37 கிராம், பாதியென்றால் 19 கிராம்கூட வராது. ஒரே பாட்டிலில் அந்தப் பாதி அளவு தாண்டிவிடுகிறது. பால், பிஸ்கட், பேக்கரி கேக் எல்லாம் அதற்கு மேல்.

நம் ஊர்க்காரர்கள் உடனே நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்பார்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை வீட்டில் இல்லாமல் எனக்கும் பொழுது போகாது. ருசி பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் உடம்புக் கணக்கில் அதுவும் சர்க்கரைப் பற்றில்தான் விழும். கச்சாயமும் ஒப்புட்டும் நோம்பிக்குச் சாப்பிடுவது. அதை யாரும் தாகத்துக்குச் சாப்பிடுவதில்லை.

முன்பக்கத்தை நம்பி ஏமாறுவது நான் ஒருவன் மட்டும் இல்லை. ஓ.ஆர்.எஸ். விவகாரம் பேப்பரில் வந்ததே. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த சூத்திரம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இன்னும் இரண்டு உப்பு வகைகள். ஆனால் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று ஒட்டிக்கொண்டு, சர்க்கரை பல மடங்கு அதிகமாக உள்ள பழச்சுவைப் பானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குப் பெற்றோர் அதையே வாங்கிக் கொடுத்தார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில்தான், சூத்திரப்படி இல்லாத பானங்களில் அந்த மூன்றெழுத்தைப் போடக்கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. படித்த பெற்றோர்களும் ஏமாந்த இடம் அது. பெயரைப் பார்த்தார்கள், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம் என்றால் எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும். அதுவரை பிள்ளைகள் எங்களைப் போன்ற தாத்தா பாட்டியிடமோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும். பிள்ளை கேட்டதும் பிரிட்ஜைத் திறந்து கொடுப்பது சுலபம். பெற்றவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொடுக்கும் கை பல வீடுகளில் எங்கள் கை. அதனால் முதலில் எங்கள் வயதுக்காரர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். பேத்தியின் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஒன்றரை, ஒன்று, அரை என்று வாரக் கணக்கில் இறக்கினோம். இரண்டு மாதம் ஆனது. முதல் வாரம் மட்டும் முறைத்தாள். இப்போது வெளியில் எங்காவது கொடுத்தால் "ரொம்ப இனிக்குது அம்மிச்சி" என்று என் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கிறாள். பிரிட்ஜில் பானப் பாட்டில் இருந்த இடத்தில் மோர்ச் சொம்பு இருக்கிறது. பிறந்தநாள், விருந்து என்று ஒரு நாள் வந்தால் கொஞ்சம் இனிப்பைத் தடுப்பதில்லை. அன்றைக்கு உண்மையான இனிப்பு, அளவாக.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. சில குழந்தைகளுக்கே சர்க்கரை நோய் உண்டு, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு டாக்டர் சொல்லி இனிப்பூட்டி உள்ள ஒன்றை அளவாகக் கொடுக்கலாம். அப்படி ஒரு பிள்ளை கையில் பார்த்தால், இன்றைக்கு நான் பேசியதை வைத்துக்கொண்டு அந்தத் தாயிடம் போய் யாரும் பாடம் நடத்த வேண்டாம். அவர்கள் நம்மைவிட அதிகமாகப் படித்திருப்பார்கள்.

கடைசியாக, சங்கம் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. மே மாதம் குழந்தைகளுக்குப் பத்து நாள் கோடை முகாம் வைக்கிறோம். பானம் விநியோகிக்கும் ஒருவர், பத்து நாளும் ஜீரோ சுகர் பானம் இலவசமாகத் தருகிறேன், வாசலில் ஒரு பேனர் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். செயற்குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. செலவு மிச்சமாகிறதே என்பதும் ஒரு கருத்துதான், அதைச் சொன்னவர்களும் நம் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கையும் போட்டு வந்தேன்.

ஐம்பது குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர் என்றால் பத்து லிட்டர். அதற்குத் தயிர் மூன்று லிட்டர் தாராளம். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆண்டு விழாவில் ஒரே சாயங்காலத்தில் பாட்டிலுக்குச் செலவழித்த 1,200 ரூபாயில் நாலைந்து நாள் மோர் கொடுத்துவிடலாம். மீதி நாளுக்கான தயிரை நானும் இன்னும் மூன்று ஓய்வு பெற்றவர்களும் ஏற்றுக்கொள்கிறோம், பேசிவிட்டேன். கடைசி நாள் இளநீரோ நுங்கோ பார்த்துக்கொள்ளலாம். இலவசப் பானத்தை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம் என்பது என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இது ஓட்டுக்கு வருகிறது. வந்து கை தூக்குங்கள். எந்தப் பக்கம் தூக்கினாலும், அதற்கு முன்னால் உங்கள் பிரிட்ஜில் இருக்கும் ஒரு பாட்டிலையாவது திருப்பிப் படித்துவிட்டு வாருங்கள். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

என் பேத்தி கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் அதை மறக்கவில்லை. போன வாரம்கூடக் கடையில் ஒரு டப்பாவை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். படித்துவிட்டு, "வேண்டாம் கண்ணு, இது உனக்கு இல்லை" என்று சொன்னேன். அவள் அழவில்லை. திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.